டிப்போவும் ஒரு கல்லூரியே!

(முன்னாள் மாணவி ஒருவரின் கருத்து)

மாலை 4.10-க்கு நம் பள்ளியின் கடைசி மணி அடிக்கிறது. புத்தகப் பையும் சாப்பாட்டுப் பையுமாக நீங்கள் வாயிலைத் தாண்டி எதிரே உள்ள வேப்பமரத்தடி நிறுத்தத்திற்கு ஓடுகிறீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, 2020-ஆம் ஆண்டு முடிய, ஏழு ஆண்டுகள் நானும் அந்த நிறுத்தத்தில் நின்றவள்தான். அந்நாளில் கிழக்கே போகும் ஏழாம் எண் வண்டி 3.58-க்கே நிறுத்தத்தைக் கடந்து போய்விடும். அடுத்த வண்டி ஏறக்குறைய ஆறு மணிக்கு. மழைக்காலத்தில் நாங்கள் வீடு போய்ச் சேரும்போது ஊரில் நன்றாக இருட்டியிருக்கும். அம்மா தெருமுனையில் நின்றுகொண்டிருப்பாள்.

ஏழு ஆண்டுகளில் அந்த வண்டியைத் திட்டியிருக்கிறோம். ஓட்டுநரைத் திட்டியிருக்கிறோம். எங்கள் தலைவிதியையும் திட்டியிருக்கிறோம். ஆனால், "இந்த நேரத்தை எழுதியவர் யார்? எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எழுதினார்?" என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

அதற்கான விடையை நான் கல்லூரியில் கற்கவில்லை. ஒரு போக்குவரத்துக் கழகத்தின் கிளையில், அதாவது டிப்போ என்று நாம் சொல்லும் இடத்தில், ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தபோது கற்றேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி சிஸ்டர் கேட்டபோது, அதைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுப் போக்குவரத்தை இயக்குவது ஒரு கல்வி. அதை ஏட்டிலிருந்து மட்டும் கற்க முடியாது. வேலையிலிருந்து மட்டும் கற்கவும் முடியாது. இரண்டும் ஒரே காலத்தில் சேர்ந்து நடக்க வேண்டும். வேலை பழகிக்கொண்டே பட்டமும் பெறும் வழி நம் நாட்டில் அகலமாகத் திறக்கப்பட வேண்டும். அப்படித் திறக்கும்போது நம் பெண்கள் தயங்கி நிற்கக் கூடாது.

பேருந்துக்குப் பின்னால்

பேருந்து என்றால் ஓட்டுநர், நடத்துநர் என்ற இருவரே நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வண்டி நிறுத்தத்திற்கு வருமுன் நடப்பவை நமக்குத் தெரிவதில்லை. அதிகாலை மூன்றரை மணிக்கே டிப்போவில் வேலை தொடங்கிவிடும். வண்டிகளுக்கு டீசல் ஊற்றி, டயரில் காற்றுப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, எது தடத்துக்குப் போகும், எது பணிமனையில் நிற்கும் என்று பிரிப்பார்கள். டூட்டிக்கு வராத ஓட்டுநருக்குப் பதிலாக யாரை அனுப்புவது என்று ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை நடை, எந்த நடை எத்தனை மணிக்கு, சாப்பாட்டு நேரம் எப்போது, இரவு எந்த ஊரில் தங்கல் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கும். அதன்படி பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் வண்டிகளை விடுவார். வண்டி திரும்பியதும் நடத்துநர் வசூலைக் கட்டுவார். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கிலோமீட்டருக்கு எவ்வளவு வருமானம், பயணி இல்லாமல் வெறுமனே ஓடிய தூரம் எவ்வளவு என்று மறுநாள் கணக்கெழுதுவார்கள்.

இந்த வேலைக்குள் கணிதம் இருக்கிறது, பொருளியல் இருக்கிறது, புவியியலும் இருக்கிறது. திருவிழாவுக்கு எத்தனை வண்டி, தேர்வு நாளில் எத்தனை வண்டி என்று ஊரின் வாழ்க்கையே இருக்கிறது. ஒரு கிராமத்தின் கடைசி வண்டியை நிறுத்திவிட்டால், அந்தக் கிராமத்துப் பெண் மாலைக் கல்லூரியில் படிக்க முடியாது. நகரத்துக் கடையில் வேலை பார்க்கவும் முடியாது. ஒரு தாளில் ஒரு வரியை அடிப்பதால் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ திட்டங்கள் அடிபட்டுப் போகின்றன. இதைப் படிப்பில்லாத வேலை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான் போன வழி

2020-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வேறு ஊரில் பி.காம். சேர்ந்தேன். கொரோனா காலமாகையால் முதல் ஆண்டின் பெரும்பகுதி கைப்பேசித் திரையிலேயே கழிந்தது. மூன்றாம் ஆண்டில் அடக்கவிலைக் கணக்கியல் என்னும் பாடத்தில் போக்குவரத்துச் செலவு பற்றிய கணக்குகள் வரும். ஒரு பேருந்து இரண்டு ஊர்களுக்கிடையே நாளொன்றுக்கு இத்தனை நடை போகிறது. இருக்கைகளில் இத்தனை சதவீதம் நிரம்புகிறது. பயணி ஒருவருக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்கில் நான் முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் அந்தக் கணக்கில் வரும் பேருந்து போகும்போதும் வரும்போதும், திங்களன்றும் ஞாயிறன்றும், ஒரே அளவாகத்தான் நிரம்பியிருக்கும். அப்படி ஒரு பேருந்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பட்டம் பெற்றபின், போக்குவரத்துக் கழகத்தில் ஓராண்டுப் பயிற்சி இருப்பதாகத் தோழி ஒருத்தி சொன்னாள். இது சலுகை அன்று. சட்டம் தந்த வழி. நம் நாட்டில் தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. முதலில் தொழிற்பள்ளியில் படித்தவர்களை எண்ணியே அது செய்யப்பட்டது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றவர்களும் சேர்க்கப்பட்டனர். 2014-ல் செய்த திருத்தம் பி.ஏ., பி.காம். போன்ற பட்டம் பெற்றவர்களுக்கும் கதவைத் திறந்தது. அந்தக் கதவின் வழியாகத்தான் நான் உள்ளே போனேன்.

வீட்டில் எளிதாக விடவில்லை. "பஸ் ஸ்டாண்டில நின்னு டைம் சொல்றதுக்கா உன்னை காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று அம்மா கேட்டாள். "ஆம்பளைங்க நடமாடுற இடம். நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட என்னக்கா பதில் சொல்லுவே?" என்று தாய்மாமா அம்மாவிடம் கேட்டார். அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் என்னோடு டிப்போவுக்கு வந்தார். கிளை மேலாளரிடம் பேசினார். நான் உட்காரப்போகும் அறையைப் பார்த்தார். பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று விசாரித்தார். திரும்பி வரும்போது, "ஒரு மாசம் போய்ப் பாரும்மா, பிடிக்கலேன்னா நின்னுக்கலாம்" என்றார். அந்த ஒரு மாதம் ஓராண்டாயிற்று.

ஏழாம் எண் வண்டியின் கதை

டிப்போவில் என் கையில் முதலில் கொடுக்கப்பட்டவை வசூல் தாள்கள். ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு வசூல் என்று அதில் இருக்கும். வசூல் குறைந்த நடைகளைத் தனியாகப் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அந்தப் பட்டியலில் நம் ஏழாம் எண் வண்டியின் இரண்டு நடைகளும் இருந்தன! 3.50-க்குப் புறப்படும் நடையும், 5.45-க்குப் புறப்படும் நடையும்.

3.50 நடையில் கூட்டமில்லை என்பது எனக்குத் தெரியும். பள்ளி விடுமுன் போகும் வண்டியில் யார் ஏறுவார்கள்? ஆனால் 5.45 நடையில் கால் வைக்க இடமிருக்காதே! அது எப்படி வசூல் குறைந்த பட்டியலில் வந்தது?

நேரக் காப்பாளராக இருந்த பெரியவர்தான் அதை எனக்கு விளக்கினார். "அந்த வண்டியில யாரும்மா வர்றது? பள்ளிக்கூடப் பிள்ளைங்க, எல்லாம் பாஸ். அதுக்குச் சீட்டே கிழிக்கிறதில்லே. அப்புறம் பொம்பளைங்க, அவங்களுக்கு ஓசிச் சீட்டு. காசு எங்கேயிருந்து வரும்?"

நம் மாநிலத்தில் மாணவருக்கு இலவசப் பயணச் சலுகை உண்டு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று அரசு ஆணையிட்டது. இவை நல்ல காரியங்கள் என்பதில் ஐயமில்லை. பெண்களுக்குத் தரும் கட்டணமில்லாச் சீட்டாவது எண்ணிக்கையில் வருகிறது. ஆனால் பாஸ் வைத்திருக்கும் பள்ளி மாணவி அந்தத் தாளில் எங்குமே இல்லை. ஏழு ஆண்டுகள் தினமும் அந்த வண்டியில் நசுங்கிக்கொண்டு போன நான், கணக்கில் ஒரு நாள்கூடப் பயணம் செய்யவில்லை! அன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மேலாளரிடம் போய், "சார், 3.50 வண்டியை 4.20-க்கு மாற்றிவிட்டால் போதுமே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "மாத்தினா என்ன ஆகும்னு எழுதிக் கொண்டா" என்றார்.

எழுதிப் பார்த்தபோதுதான் வேலை எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. ஏழாம் எண் வண்டி போய் வர, இடையில் நிற்கும் நேரம் உட்பட 110 நிமிடம் ஆகும். 3.50-க்குப் போனால் 5.40-க்குத் திரும்பி, 5.45-க்கு மறுநடை புறப்படும். 4.20-க்குப் போனால் திரும்பும்போதே 6.10 ஆகிவிடும். அப்படியானால் 5.45 வண்டிக்குக் காத்திருக்கும் கடைப் பெண்களும் கட்டட வேலை செய்யும் பெண்களும் அரை மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும். மாணவியருக்கு நல்லது செய்யப்போய் அவர்களை இருட்டில் நிறுத்துவதா?

"அப்போ வேற வழி தேடு. நாளையிலேருந்து வண்டியிலேயே ஏறிப் போய் ஆளை எண்ணிட்டு வா" என்றார் மேலாளர்.

ஆறு நாள் எண்ணினேன். மேற்கே போகும் பன்னிரண்டாம் எண் வண்டி 4.20-க்குப் புறப்பட்டு, 90 நிமிடத்தில் திரும்பி, 6 மணிக்கு மறுநடை போகும். அதில் 4.20-க்கு ஏறுபவர்கள் பெரும்பாலும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து திரும்புகிறவர்கள். அவர்கள் மூன்றரை மணியிலிருந்தே வந்து காத்துக் கிடந்தார்கள். ஆகவே, ஏழாம் எண்ணுக்குப் போக வேண்டிய வண்டியை 3.50-க்குப் பன்னிரண்டாம் எண் தடத்தில் விட்டால் அது 5.20-க்கே திரும்பிவிடும்; 5.45 நடையையும் அதுவே எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டுக்குப் போக வேண்டிய வண்டி 4.20-க்கு ஏழாம் எண்ணாகப் போகும், 6.10-க்குத் திரும்பி 6.15-க்குப் பன்னிரண்டாம் எண்ணாகப் புறப்படும். ஆறு மணி வண்டி கால் மணி நேரம் தாமதமாகும் என்பது ஒன்றுதான் குறை. ஆறு மணிக்கு வேலை முடிந்து ஓடி வருகிறவர்களுக்கு அதுவும் நன்மையே ஆயிற்று.

புதிய வண்டி வேண்டாம். கூடுதல் ஓட்டுநர் வேண்டாம். ஒரு லிட்டர் டீசல்கூட அதிகம் வேண்டாம். இதை நான் ஒருத்தியே கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது பொய். வண்டிகளை மாற்றிப் போடலாம் என்ற யோசனை நேரக் காப்பாளருடையது. எண்ணி எழுதியது மட்டுமே நான். இரண்டு மாதம் கழித்து அனுமதி வந்தது. இன்று நம் நிறுத்தத்திற்கு 4.28-க்கு வரும் வண்டியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு போகிறீர்கள் என்றால் அதன் கதை இதுதான்.

காலம் கடந்த பாடம்

இவ்வளவு நல்ல பயிற்சி என்றால் குறை என்ன என்று கேட்பீர்கள். குறை இருக்கிறது.

கல்லூரியில் இருந்தபோது பேராசிரியர் இருந்தார், பேருந்து இல்லை. டிப்போவில் பேருந்து இருந்தது, பேராசிரியர் இல்லை. பாஸ் பயணிகளைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி, ஒரு தடத்தின் பயனை வசூலால் மட்டுமின்றி வேறு எதனால் அளப்பது என்று என்னிடம் கேள்விகள் குவிந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போக வகுப்பறை இல்லை. அதற்குள் பட்டம் வாங்கி முடித்துவிட்டேன்.

மற்றொன்று, சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஓராண்டு முடிந்த அன்று சான்றிதழைக் கொடுத்து, கைகூப்பி அனுப்பிவிட்டார்கள். உதவித்தொகையும் அதிகமன்று. 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்த அளவாக வைத்தன. அந்தச் சான்றிதழைக் கொண்டுதான் நான் இப்போது ஒரு நூற்பாலையின் தொழிலாளர் பேருந்துகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆனால் என்னோடு பயின்ற எல்லாருக்கும் அப்படி அமையவில்லை.

வெளிநாட்டார் வழி

பட்டத்தையும் பழகுதலையும் இப்படி முன்னும் பின்னுமாக வைக்காமல் ஒன்றாகச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 1974-லேயே இத்தகைய கல்விக்கூடங்கள் தொடங்கப்பட்டன. மாணவர் ஏறக்குறைய மூன்று மாதம் நிறுவனத்தில், மூன்று மாதம் வகுப்பில் என்று மாறி மாறிப் படித்து மூன்றாண்டில் பட்டம் பெறுகிறார். 2009-ல் அக்கல்விக்கூடங்கள் ஒரே உயர்கல்வி நிறுவனமாக இணைக்கப்பட்டன.

இங்கிலாந்தில் 2015-ல் பட்டத்தோடு கூடிய தொழில் பழகுதல் தொடங்கியது. அங்கே பழகுநர் முதல் நாளே ஊழியர். அவருக்குச் சம்பளம் உண்டு. வேலை நேரத்திலேயே ஒரு பகுதி பல்கலைக்கழகப் படிப்புக்கு ஒதுக்கப்படும். கல்விக் கட்டணத்தை அவர் செலுத்த வேண்டியதில்லை. அது நிறுவனமும் அரசும் பார்த்துக்கொள்ள வேண்டியது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு முப்பது இலட்சம் பவுனுக்கு மேல் சம்பளம் வழங்கும் நிறுவனங்கள் அதில் அரை சதவீதத்தைப் பழகுநர் பயிற்சிக்கென்று செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். சாதாரண வழியில் பட்டம் படிக்கும் மாணவரோ 2025-ல் ஆண்டுக்கு 9,535 பவுன் வரை கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். கடனோடு வெளியே வரும் பட்டதாரியையும், சம்பளம் வாங்கிக்கொண்டே, அனுபவத்தோடு, கடனில்லாமல் வரும் பட்டதாரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்!

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. பழகுதலைப் பட்டப் படிப்புக்குள்ளேயே சேர்ப்பதற்கான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் வெளியிட்டது. 2025-ல் மீண்டும் விரிவாக வெளியிட்டது. போக்குவரத்துக் கல்விக்கென்றே வடோதராவில் 2018-ல் ஒரு நிறுவனம் தொடங்கி, 2022-ல் அது கதிசக்தி என்ற பெயரில் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் நம் மாவட்டத்து மாணவி ஒருத்தி, நம் ஊர் டிப்போவில் பழகிக்கொண்டே நம் ஊர்க் கல்லூரியில் பட்டம் பெறும் நாள் வர வேண்டாமா? டிப்போ இருக்கிறது, பக்கத்திலேயே கல்லூரியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு கிலோமீட்டர் தூரம். இரண்டும் ஒன்றோடொன்று பேசாததுதான் குறை.

எதிர்ப்பவர் சொல்வது

இதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது.

"இது குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் தந்திரம்" என்பது முதல் எதிர்ப்பு. இதில் உண்மை இருக்கிறது. என் பயிற்சியில் இரண்டு மாதம் பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவதைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கொடுக்கப்படவில்லை. அது பயிற்சி அன்று. ஆள் பற்றாக்குறையைச் சரிக்கட்டும் வழி. அதனால்தான் கல்லூரியும் இதில் பங்கு பெற வேண்டும் என்கிறேன். மாதம் ஒருமுறை ஒரு பேராசிரியர் டிப்போவுக்கு வந்து, "என் மாணவி இம்மாதம் என்ன கற்றாள்?" என்று கேட்டால், அந்த இரண்டு மாதம் வீணாகியிருக்காது.

"பதினெட்டு வயதில் ஒரு தொழிலுக்குள் பிள்ளையைப் பூட்டிவிடலாமா?" என்பது இரண்டாவது. நியாயமான கவலை. ஆனால் கால அட்டவணை எழுதத் தெரிந்தவள் மருத்துவமனையில் முறைப்பணி அட்டவணையும் எழுதுவாள். தொழிற்சாலையில் சரக்கு வண்டிகளையும் கவனிப்பாள். பட்டம் பொதுவானதாக இருந்தால் போதும், கதவு மூடாது.

"பெண்ணுக்குப் பாதுகாப்பு?" என்பது மூன்றாவது. என் தாய்மாமா கேட்ட கேள்வி இது. இதற்கு நான் சொல்லும் பதில், பெண் போகக் கூடாது என்பதன்று. இடம் சீர்ப்பட வேண்டும் என்பதே. பூட்டுப் போட்ட கழிப்பறை, ஓய்வறை, இரவு டூட்டி முடிந்தால் வீடு சேர வண்டி, முறையிட ஒரு பெண் அதிகாரி ஆகியவை இல்லாமல் எந்தப் பெண்ணையும் அழைக்கக் கூடாது. பெண்கள் இல்லாத இடத்தில் இவற்றை யாரும் தாமாகக் கட்டிவைப்பதும் இல்லை. எனவே நம்மில் சிலர் முதலில் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் போனவர்கள் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அவர்கள் 1993-ல் அரசுப் பேருந்தின் ஓட்டுநரானார். மகாராட்டிரத்துச் சுரேகா யாதவ் அவர்கள் 1989-ல் இரயில்வேயில் துணை ஓட்டுநராகச் சேர்ந்து, நம் நாட்டின் முதல் பெண் இரயில் ஓட்டுநர் என்ற பெயருடன் 2025-ல் ஓய்வு பெற்றார். 2015 ஜூன் 29-ல் சென்னை மெட்ரோ இரயில் தொடங்கியபோது முதல் வண்டியை ஓட்டியவர் ஓர் இளம்பெண். இலண்டனில்கூட 1974-ல்தான் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் வந்தார். ஆனால் அங்கே அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, முதல் உலகப் போரின்போது, 1915-ல் திறந்த மெய்டா வேல் நிலத்தடி இரயில் நிலையத்தை முழுவதும் பெண்களே நடத்தியிருக்கிறார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போனபோது கிடைத்த வேலையை, அவர்கள் திரும்பியதும் பெண்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. திறமை இல்லாமல் அன்று; இடம் தரப்படாமல்.

ஓட்டுநர் இருக்கையில் பெண் அமர்ந்தால் நாம் கைதட்டுகிறோம். அது நல்லதே. ஆனால் நேரத்தை எழுதும் மேசையில் பெண் அமரும்போதுதான் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணின் நேரம் கணக்கில் வரும். 3.50 வண்டியால் மாணவியருக்குப் பயனில்லை என்பது அந்த டிப்போவில் யாருக்கும் கெட்ட எண்ணத்தால் தெரியாமல் போகவில்லை. அந்த நிறுத்தத்தில் நின்றவர் யாரும் அந்த மேசையில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

மூன்று வேண்டுகோள்கள்

பெற்றோர்களே! உங்கள் மகள் இப்படி ஒரு வழியைச் சொன்னால், உடனே மறுக்க வேண்டாம். உடனே சம்மதிக்கவும் வேண்டாம். என் அப்பாவைப் போல நேரில் போய்ப் பாருங்கள். கற்றுத் தருபவர் யார், வேலை நேரம் எது, உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருமா, முடிவில் என்ன சான்றிதழ், இரவில் இருக்க வேண்டுமா என்ற ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நேரான பதில் வந்தால் அனுப்புங்கள்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, ஆசிரியைகளே! ஆண்டுதோறும் மாணவியரைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறீர்கள். ஒரு முறை நம் ஊர் டிப்போவுக்கும் அழைத்துப் போக வேண்டுகிறேன். ஒரு பழைய கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, கணித வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். இரண்டு வண்டி, நான்கு நடை, ஒரு பள்ளி மணி. எத்தனை பேர் விடை கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

அன்புத் தங்கைகளே! பட்டம் பெற்றபின் பழக விரும்புவோர், சென்னைத் தரமணியில் இயங்கும் தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். பள்ளி முடித்துக் கல்லூரி தேடுவோர், பழகுதலோடு சேர்ந்த பட்டப் படிப்பு அங்கே உண்டா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இருந்தாலும் கேளுங்கள். பலர் கேட்டால்தான் அது ஒரு நாள் வரும்.

சென்ற மாதம் ஒரு வேலையாக நம் ஊருக்கு வந்திருந்தபோது 4.28 வண்டியில் ஏறினேன். என் பக்கத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "தினமும் இந்த வண்டிதானாம்மா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, வீட்டுக்குப் போய் வெளிச்சத்திலேயே கொஞ்ச நேரம் விளையாடலாம்" என்றாள். அதற்கு முன் அந்த வண்டி எத்தனை மணிக்குப் போயிற்று என்பது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் அவள் வளர்ந்து, ஒரு நாள் அந்த மேசையில் அமர்ந்து, வேறொரு நிறுத்தத்தில் நிற்கும் வேறொரு சிறுமிக்காக நேரத்தை எழுத வேண்டும். அதற்கான படிப்பும் வேலையும் அவளுக்கு ஒன்றாகவே கிடைக்க வேண்டும் என்பதே என் அவா.